மொனார்க் பட்டாம்பூச்சிக்கு மில்க்வீட் வளர்ப்பது எப்படி: ஒரு செப்டம்பரிலிருந்து அடுத்த செப்டம்பர் வரை

ஜூன் மாதம் வந்தால் போதும், தெரிந்தவர்கள் யாராவது படம் எடுத்து அனுப்புவார்கள். "எங்கள் தோட்டத்துக்கு மொனார்க் வந்தது, உடனே மில்க்வீட் வைக்க வேண்டும், எங்கே கிடைக்கும்?" ஆசை நல்ல ஆசை. ஆனால் ஜூனில் தேடினால் பெரும்பாலும் கைக்குக் கிடைப்பது மருந்தடித்த கடைச் செடிதான். இந்த வேலைக்குப் புத்தாண்டு செப்டம்பரில் பிறக்கிறது. விதைக்கு ஒரு குளிர்காலம் வேண்டும், செடிக்கு வேர் பிடிக்க ஒரு வசந்தம் வேண்டும், அதற்குப் பிறகுதான் பட்டாம்பூச்சி. வரிசை மாறினால் ஒரு வருடம் போய்விடும்.

நான் இருப்பது தென்கிழக்கு மிச்சிகன். இங்கே சொல்லும் தேதிகள் ஒன்டாரியோ, ஒஹாயோ, இல்லினாய், நியூயார்க், நியூ ஜெர்சி பக்கம் ஒன்றிரண்டு வாரம் முன்பின்னாகப் பொருந்தும். டெக்சாஸ், கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இரண்டாவது பகுதியைக் கவனமாகப் படித்துவிட்டு மேலே போங்கள்.

மொனார்க் புழு தின்று வளரும் செடியான மில்க்வீட் நம் எருக்கின் உறவு. கிள்ளினால் பால் வடியும், காய் வெடித்தால் பஞ்சோடு விதை பறக்கும். ஊரில் எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும் மொனார்க்கும் ஒரே பேரினம். எருக்கைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் செடியின் குணத்தில் பாதி ஏற்கெனவே தெரியும்.

1. முதலில் இடம், அப்புறம் செடி

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் செடி சாகாது. ஆனால் ஒல்லியாக நீண்டு சாயும், பூக்காது. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9, மதியம் 12, மாலை 3, 5 என்று நான்கு முறை பின்புறம் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கோடையில் சூரியன் இன்னும் உயரத்தில் போகும் என்பதால், செப்டம்பரில் வெயில் விழும் இடத்தில் ஜூனிலும் பெரும்பாலும் விழும்.

எத்தனை செடி? ஒரு மொனார்க் புழு வளர்ந்து முடிக்கும் முன் இருபது இலை வரை தின்னும். ஒரு தாய் வந்தால் ஒரு முட்டையோடு நிறுத்த மாட்டாள். அதனால் தொட்டியில் ஒற்றைச் செடி வைப்பது புழுக்களைப் பட்டினி போடுவதில் முடியும். ஆறு செடிக்குக் குறையாமல் திட்டமிடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி முதல் இரண்டடி இடைவெளி.

வீட்டுவசதிச் சங்க விதிகள் இருக்கும் குடியிருப்பு என்றால், நடுவதற்கு முன்பே விதிகளைப் படித்துவிடுங்கள். முன்புறம் நடுவதாக இருந்தால் கல்லோ செங்கல்லோ வைத்து வரம்பு கட்டி, பாத்தி என்று பார்த்தவுடன் தெரியும்படி செய்யுங்கள். வரம்பு இல்லாத செடிக் கூட்டம் அடுத்த வீட்டாருக்குக் களையாகத்தான் தெரியும். எனக்கும் ஒரு கோடையில் கடிதம் வந்தது. வரம்பு கட்டி, சின்னப் பலகையில் செடியின் பெயர் எழுதி வைத்த பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மில்க்வீட் பால் கண்ணில் பட்டால் விழியைப் புண்ணாக்கும், பார்வை மங்கும். எருக்கம்பாலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்தியது நினைவிருக்கும், அதே பயம் இதற்கும் வேண்டும். இலையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவும் வரை முகத்துக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளோடு செய்யும்போது முதல் பாடம் இதுதான். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

2. எந்த மில்க்வீட்?

பெயர் ஒன்றுதான், செடிகள் பல. வட அமெரிக்காவில் பல பத்து வகை மில்க்வீட் உண்டு. உங்கள் பகுதிக்கு உரியது எது என்று தெரிந்துகொண்டு வாங்குவது முக்கியம்.

வடகிழக்கிலும் மத்திய மேற்கிலும் மூன்றைக் கவனித்தால் போதும். காமன் மில்க்வீட் அகன்ற இலை, தடித்த தண்டு கொண்டது, மொனார்க் மிகவும் விரும்புவது. ஆனால் நிலத்தடியில் கிழங்கு ஓடவிட்டு இரண்டாம், மூன்றாம் வருடத்தில் பக்கத்துப் பாத்தியில் எட்டிப் பார்க்கும். இடம் தாராளமாக இருந்தால் மட்டும் வையுங்கள். ஸ்வாம்ப் மில்க்வீட் குத்தாக நின்ற இடத்திலேயே நிற்கும், களிமண்ணையும் ஈரத்தையும் தாங்கும். சின்னத் தோட்டத்துக்கு என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். பட்டர்ஃபிளை வீட் ஆரஞ்சுப் பூ, குட்டைச் செடி, தண்ணீர் தேங்காத மணல் மண் கேட்கும். இதில் மற்ற இரண்டைப் போலப் பால் வடியாது. அழகு அதிகம், ஆனால் என் தோட்டத்தில் முட்டை குறைவு. ஆறு செடியில் நான்கு ஸ்வாம்ப், இரண்டு பட்டர்ஃபிளை வீட் என்று தொடங்கினால் தவறாது.

தவிர்க்க வேண்டியது டிராபிகல் மில்க்வீட். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கடையில் கண்ணைப் பறிக்கும். டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிபோர்னியா போன்ற மிதமான குளிர் உள்ள இடங்களில் இது குளிர்காலத்திலும் பட்டுப்போகாமல் நிற்கும். மொனார்க்கைத் தொற்றும் ஓ.இ. என்ற ஒட்டுண்ணி உண்டு. நோயுற்ற பட்டாம்பூச்சி உட்கார்ந்த இலையில் அதன் வித்துகள் உதிர்ந்து கிடக்கும், அந்த இலையைத் தின்னும் புழுவுக்குத் தொற்று ஏறும். நாட்டு மில்க்வீட் ஆண்டுதோறும் தரைமட்டம் காய்ந்துவிடுவதால் அந்தச் சங்கிலி அறுபடும். டிராபிகல் செடி அறுபட விடுவதில்லை. ஏற்கெனவே வைத்திருந்தால் அக்டோபரில் அடியோடு வெட்டிவிடுங்கள், முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

டெக்சாஸில் இருப்பவர்கள் கிரீன் மில்க்வீட், ஆன்டிலோப் ஹார்ன்ஸ் என்ற பெயர்களில் தேடுங்கள். கலிபோர்னியாவில் நேரோலீஃப், ஷோவி. ஆனால் அங்கே இன்னொரு விதி: மொனார்க் கூட்டமாகக் குளிர்காலம் கழிக்கும் கடற்கரைப் பகுதியில், கரையிலிருந்து சுமார் 5 மைலுக்குள் மில்க்வீட் வைக்க வேண்டாம் என்பது பாதுகாப்பு அமைப்புகளின் அறிவுரை. அங்கே அவை ஓய்வுக்கு வருகின்றன, முட்டையிட அல்ல. தேன் பூக்கள் மட்டும் வையுங்கள்.

3. விதை எடுப்பது: செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை

நண்பர் தோட்டத்திலோ சாலையோர வயலிலோ மில்க்வீட் நின்றால், உரியவரிடம் கேட்டுவிட்டு இரண்டு மூன்று காய் எடுங்கள். அரசுப் பூங்காக்களில் எடுக்காதீர்கள், பெரும்பாலான இடங்களில் தடை உண்டு. உங்கள் வட்டாரத்து விதையே நல்லது, ஏனென்றால் அது உங்கள் ஊர்க் குளிருக்குப் பழகியது.

காய் முற்றிவிட்டதா என்று பார்க்க, நடுவில் ஓடும் தையல்மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்துங்கள். தானாகப் பிளந்தால் எடுக்கலாம். உள்ளே விதை காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் முற்றவில்லை. பறித்து வைத்தால் வெளியே பழுக்கும் என்று நினைத்து எடுத்துப் போகிறவர்கள் உண்டு. பச்சை விதை அப்படித் தேறாது.

பஞ்சைப் பிரிப்பதில்தான் பலருக்கும் பாடு. காய் முழுவதும் விரிந்தபின் எடுத்தால் வீடெங்கும் பஞ்சு பறக்கும். சற்றே பிளந்த காயை முழுதாகத் திறந்து, நடுவில் மீன் செதில் போல அடுக்கியிருக்கும் விதைக் குலையை அப்படியே வெளியே எடுங்கள். பஞ்சு நுனியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகைக் கட்டைவிரலால் விதைகளைத் தள்ளுங்கள். எல்லாம் ஒரு நொடியில் உதிர்ந்துவிடும், பஞ்சு கையிலேயே நிற்கும்.

விதையைக் காகிதப் பையில் போட்டு இரண்டு வாரம் நிழலில் காய விடுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தட்டையாக, விரலுக்குக் காகிதம் மாதிரி படும் விதைகள் சொத்தை. காய்மேல் ஆரஞ்சும் கறுப்புமாகத் திரியும் மில்க்வீட் பூச்சிகள் அவற்றை உறிஞ்சியிருக்கும். ஒதுக்கிவிடுங்கள்.

4. குளிர் கொடுப்பது: நவம்பர் முதல் மார்ச் வரை

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வசந்தத்தில் விதையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மண்ணில் தூவுவார்கள், மூன்று வாரம் காத்திருப்பார்கள், பத்தில் ஒன்று முளைக்கும். விதை கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். விதை நன்றாகத்தான் இருந்திருக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்து சில வாரம் கிடைத்தால்தான் அதன் உறக்கம் கலையும். இந்த ஏற்பாடு இல்லையென்றால் அக்டோபரில் விழுந்த விதை ஒரு வெயில் நாளில் முளைத்து, அடுத்த பனியில் செத்துப்போகும். குளிர் மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். உலர்ந்த விதையைக் குளிரில் வைப்பது சேமித்து வைப்பதுதான், அதனால் உறக்கம் கலையாது.

மூன்று வழி உண்டு. எனக்குப் பிடித்தது முதலாவது.

*பால் கேன் வழி.* ஒரு கேலன் பால் கேனைக் கழுவி, கைப்பிடிக்குக் கீழே சுற்றிலும் வெட்டுங்கள். பின்பக்கம் இரண்டு அங்குலம் மட்டும் வெட்டாமல் விட்டால் அதுவே கீல். அடியில் ஏழெட்டு ஓட்டை. நான்கு அங்குல உயரத்துக்குத் தொட்டி மண். நன்றாக நனைத்து வடியவிட்டு, இருபது விதையைப் பரப்பி, அரை சென்டிமீட்டர் மண் தூவுங்கள். மேல்பாதியை மூடி டேப் ஒட்டுங்கள். கேனின் மூடியைத் தூக்கி எறிந்துவிடுங்கள், அந்த வாய் வழியாகத்தான் மழையும் பனியும் உள்ளே இறங்கும், சூடும் வெளியே போகும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வெளியே வைத்துவிடுங்கள். பனி மூடட்டும், உறையட்டும், கவலை இல்லை.

பெயரைக் கேனின் வெளியே சாதாரண மார்க்கரால் எழுதினால் ஏப்ரலுக்குள் வெயிலில் அழிந்துவிடும். பென்சிலால் ஒரு பிளாஸ்டிக் பட்டையில் எழுதி உள்ளே செருகுங்கள். ஸ்வாம்ப் மில்க்வீட்டும் காமனும் நாற்றில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும், பெயர் தொலைந்தால் கிழங்கு ஓடும் செடியைச் சின்னப் பாத்தியில் நட்டுவிட நேரும்.

*ஃபிரிட்ஜ் வழி.* பேப்பர் டவலை நனைத்துச் சொட்டுத் தண்ணீர் விழாத அளவுக்குப் பிழியுங்கள். விதையை அதில் பரப்பி மடித்து ஜிப்லாக் கவரில் போட்டு, தேதி எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல. 30 நாள் குறைந்தபட்சம், நான் ஆறு வாரம் வைக்கிறேன். பத்து நாளுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் விதையை அலசிப் புது டவலுக்கு மாற்றுங்கள். அதிக ஈரம்தான் பூஞ்சைக்குக் காரணம். உள்ளேயே முளை விட்டால் அன்றே மண்ணுக்குப் போக வேண்டும். அதனால் தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள்: எங்கள் பக்கம் கடைசி உறைபனி மே நடுவில் முடியும், நாற்று ஆறு வாரம் வளர வேண்டும், ஆகவே ஏப்ரல் முதல் வாரம் விதைப்பு, பிப்ரவரி நடுவில் ஃபிரிட்ஜ். ஜனவரியிலேயே வைத்துவிட்டு மார்ச் முதல் வாரம் ஜன்னலோரம் விதைப்பவர்களின் நாற்று வெளிச்சம் போதாமல் நூலாக நீண்டு விழும்.

*நேரடி விதைப்பு.* நவம்பரில், மண் உறையும் முன், புல்லை அகற்றிய மண்ணில் விதையைத் தூவிக் காலால் மிதித்துவிடுங்கள். மிதிப்பது விதை மண்ணோடு ஒட்டி ஈரம் வாங்குவதற்காக. உழைப்பு குறைவு, இழப்பு அதிகம். பறவையும் எலியும் எடுத்ததுபோக மிச்சம்தான் நமக்கு.

5. வசந்தம்: அவசரப்பட்டுத் தோண்டாதீர்கள்

மில்க்வீட் தாமதமாக எழும் செடி. மேப்பிள் துளிர்த்திருக்கும், டூலிப் பூத்து உதிர்ந்திருக்கும், மே பிறந்திருக்கும், மில்க்வீட் இருந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. மண் சூடேறும் வரை அது அசையாது. என் முதல் வருடச் செடிகள் செத்துவிட்டன என்று மே முதல் வாரம் தோண்டினேன். மண்வெட்டி நுனியில் வெள்ளை வெளேரென்று முளைவிட்ட வேர் இரண்டாகக் கிடந்தது. இப்போது இலையுதிர்காலத்திலேயே ஒவ்வொரு செடி அருகிலும் ஒரு குச்சி நட்டுவிடுகிறேன். ஜூன் முதல் வாரம் வரை குச்சிக்கு அருகில் யாரும் தோண்டக்கூடாது என்பது வீட்டில் சட்டம். பட்டர்ஃபிளை வீட் மற்ற இரண்டையும்விடத் தாமதம்.

கேன் நாற்றுகள் ஏப்ரல் கடைசியில் முளைக்கத் தொடங்கும். வெயில் நாளில் மேல்பாதியைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வெந்துவிடும். இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும், உறைபனி பயம் நீங்கியபின், மேகமூட்டமான ஒரு மாலையில் நடுங்கள். வேரை உதறிப் பிரிக்காதீர்கள். பட்டர்ஃபிளை வீட்டின் ஆணிவேர் உடைந்தால் அது மீள்வது கடினம். மண்ணோடு கத்தியால் கேக் வெட்டுவதுபோல் வெட்டி எடுத்து நடலாம்.

நட்ட ஒரு வாரத்தில் சில செடிகள் இலை மஞ்சளாகிக் கொட்டும். பயந்து பிடுங்காதீர்கள். இரண்டு வாரம் தவறாமல் தண்ணீர் விடுங்கள், அடியிலிருந்து துளிர் வரும். முயல்கள் இளந்தண்டைக் கத்தரித்துவிடும். முதல் வருடம் மட்டும் கோழிவலையால் சின்னக் கூண்டு போதும். உரம் வேண்டாம். முதல் வருடம் பூவும் எதிர்பார்க்க வேண்டாம், செடி வேருக்குச் செலவழிக்கும் வருடம் அது.

6. கடையில்தான் வாங்க வேண்டும் என்றால்

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் செடிக்கோ இதன் விதைக்கோ நியோனிக் மருந்து போட்டதுண்டா?" நியோனிக் என்பது நியோனிக்கோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்து, அது செடியின் உள்ளே ஏறி இலை, தேன் எல்லாவற்றிலும் நிற்கும். கழுவினால் போகாது. தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். "பட்டாம்பூச்சிக்கு உகந்தது" என்று ஒட்டியிருக்கும் சீட்டு இதற்குப் பதில் ஆகாது. நான் நம்பி வாங்கிய ஒரு தொட்டிச் செடியில் எட்டுப் புழுக்கள் ஏறியிருந்தன. மறுநாள் காலை எல்லாம் பச்சை நீர் கக்கித் தரையில் கிடந்தன. நாட்டுச் செடிகள் மட்டும் விற்கும் நாற்றங்கால்களும், மே மாதத்தில் இயற்கை ஆர்வலர் குழுக்கள் நடத்தும் செடி விற்பனைகளும் நம்பகமானவை.

கொசு மருந்தும் இதே கணக்கில்தான் சேரும். மாதச் சந்தா கட்டித் தோட்டத்துக்குக் கொசு மருந்து அடிக்கும் வழக்கம் இங்கே பரவிவருகிறது. அது கொசுவையும் புழுவையும் பிரித்துப் பார்க்காது. உங்கள் வீட்டில் அது இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அண்டை வீட்டாரிடம் அடிக்கும் நாளைக் கேட்டு வையுங்கள்.

7. முட்டை தேடுவது: மே கடைசி முதல் ஆகஸ்ட் வரை

மே கடைசியில் இங்கே வந்து சேரும் மொனார்க்குகளில் பெரும்பாலானவை மெக்சிகோவில் குளிர்காலம் கழித்தவை அல்ல. அங்கிருந்து மார்ச்சில் கிளம்பியவை டெக்சாஸ் பக்கம் முட்டையிட்டு மடிந்துவிடும். வருவது அவற்றின் பிள்ளைகள்.

காலையில், கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றோடு போங்கள். உச்சி இளம் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். முட்டை ரவை அளவு, பாலாடை நிறம், நுனி கூம்பியிருக்கும், மேலிருந்து கீழாக நெடுக்கு வரிகள் ஓடும். பெரும்பாலும் இலைக்கு ஒன்று. காய்ந்த பால் துளி பளபளவென்று வரியில்லாமல் இருக்கும், அதை முட்டை என்று எண்ணிவிடுகிறவர்கள் நிறைய. முடி போன்ற காம்பின் நுனியில் நிற்பது லேஸ்விங் பூச்சியின் முட்டை.

மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். அதற்கு முதல் நாள் நுனி கறுக்கும், அது உள்ளே இருக்கும் புழுவின் தலை. வெளியே வந்ததும் முதல் உணவு முட்டை ஓடு. அப்புறம் இலையில் ஊசித்துளைகள். கொஞ்சம் வளர்ந்த புழுவைப் பொறுமையாகப் பத்து நிமிடம் பாருங்கள்: இலையைத் தின்னும் முன் அதன் நடு நரம்பைக் காம்புக்கு அருகில் கடித்துப் பள்ளமாக்கும். பால் ஓட்டம் நின்று இலை தொங்கும். பிறகுதான் நுனியிலிருந்து சாப்பாடு. பால் வாயில் ஒட்டிக்கொண்டு சாகாமல் இருக்க அது செய்யும் தந்திரம். தொங்கும் இலையைக் கண்டால் நோய் என்று கிள்ளி எறியாதீர்கள், கீழே புழு இருக்கும்.

8. புழு இருக்கும்போது செய்யக்கூடாதவை

புழு ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தால் தோல் உரிக்கிறது என்று பொருள். தொடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். இரண்டு அங்குலம் வளர்ந்த புழு திடீரென்று காணாமல் போனால் கூடுகட்ட இடம் தேடிப் போயிருக்கலாம், வேலி, நாற்காலி அடி, சுவர் விளிம்பு என்று பல அடி தூரம் நடக்கும். ஜூலையில் நாற்காலியை நகர்த்தும் முன் அடியைப் பாருங்கள்.

பச்சைக் கூட்டுப்புழு பத்து நாள் முதல் இரண்டு வாரம் தொங்கும். கடைசி நாள் கறுத்துவிடும். உள்ளே ஆரஞ்சு இறகு தெரிந்தால் நாளை காலை பிறப்பு. பிறந்தபின் சொட்டும் சிவந்த நீர் ரத்தம் அல்ல. இறகு உலரச் சில மணி நேரம் ஆகும், அதுவரை யாரும் விரல் நீட்ட வேண்டாம்.

தண்டில் மஞ்சளாக மொய்க்கும் அசுவினியைக் கண்டதும் எல்லோருக்கும் கை பரபரக்கும். சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும்கூடப் புழுவைக் கொல்லும். முட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டு குழாய் நீரைப் பீய்ச்சுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். செடி தாங்கும். கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு முடிக்கற்றைகளோடு கூட்டமாகத் தின்பது டஸ்சாக் அந்துப்பூச்சியின் புழு. அதுவும் இந்த மண்ணின் உயிர்தான், மில்க்வீட்டை நம்பித்தான் வாழ்கிறது. கொல்ல வேண்டாம்.

ஒன்றை மட்டும் தயங்காமல் பிடுங்குங்கள்: ஸ்வாலோவர்ட் என்ற கொடி. ஒன்டாரியோவில் நாய்-நெரிக்கும் கொடி என்ற பொருளில் அதற்குப் பெயர். ஐரோப்பாவிலிருந்து வந்தது, மில்க்வீட்டின் உறவு. ஏமாந்த மொனார்க் அதில் முட்டையிடும், பொரிந்த புழு செத்துப்போகும். காய் பிடிக்கும் முன் வேரோடு எடுங்கள்.

9. வீட்டுக்குள் வைத்து வளர்க்கலாமா?

நூறு முட்டையில் பத்துகூடப் பட்டாம்பூச்சியாவதில்லை. இதைப் படித்தவுடன் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக் காப்பாற்றத் தோன்றும். எனக்கும் தோன்றியது, இரண்டு கோடை செய்தேன், இப்போது செய்வதில்லை. நெரிசலான டப்பாவில் ஓ.இ. தொற்று ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவும். தவிர, சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்குள் வளர்ந்த மொனார்க்குகள் கூட்டமாகத் தென்திசை நோக்குவதில் தவறின. மெக்சிகோ போக வேண்டிய தலைமுறைக்குத் திசைதான் உயிர்.

குழந்தைகள் பார்க்க வேண்டும் என்றால் ஒன்றோ இரண்டோ, வலைக்கூண்டில், வெளித் திண்ணையில், தினமும் கூண்டைச் சுத்தம் செய்து வளர்க்கலாம். அதற்கு முன் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். கலிபோர்னியாவில் அனுமதி இல்லாமல் மொனார்க்கைப் பிடிப்பதும் கையாள்வதும் கூடாது.

10. ஜூலையில் ஒரு கத்தரிப்பு

காமன் மில்க்வீட் ஜூலையில் முற்றி இலை தடித்துவிடும். தாய்ப்பூச்சி இளம் இலையைத்தான் விரும்பும். ஜூன் கடைசியிலோ ஜூலை முதல் வாரத்திலோ மூன்றில் ஒரு பங்கு தண்டுகளை மட்டும், முட்டை புழு பார்த்துவிட்டு, முக்கால் அடி உயரத்தில் வெட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புதுத் துளிர் வரும், ஆகஸ்ட் முட்டைகள் அதில் விழும். எல்லாவற்றையும் வெட்டினால் பூவும் விதையும் போய்விடும்.

11. ஆகஸ்ட், செப்டம்பர்: தேனும் கணக்கும்

ஆகஸ்ட் கடைசியில் பிறக்கும் மொனார்க் வேறு மாதிரி. பகல் குறைவதையும் இரவு குளிர்வதையும் உணர்ந்து முட்டையிடுவதைத் தள்ளிவைத்துவிடும். கோடையில் பிறந்தது சில வாரமே வாழும், இது எட்டு மாதம் வரை வாழும். இங்கிருந்து மெக்சிகோவின் மிச்சோவகான் மலைக்காடுகள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அரை கிராம் எடைதான். வழிச்செலவுக்குக் கொழுப்பு சேர்க்க வேண்டும், அதற்குத் தேன் வேண்டும். மில்க்வீட் அப்போது பூத்து முடிந்திருக்கும்.

ஆகவே அதே பாத்தியில் நியூ இங்கிலாந்து ஆஸ்டர், கோல்டன்ராட், மெடோ பிளேசிங் ஸ்டார் மூன்றையும் சேர்த்து வையுங்கள். கோல்டன்ராட் தும்மல் வரவழைக்கும் என்று பலர் பிடுங்குகிறார்கள். அதன் மகரந்தம் கனமானது, பூச்சிதான் சுமக்கும். தும்மலுக்குக் காரணம் அதே நேரத்தில் பச்சையாகக் கண்ணுக்குப் படாமல் பூக்கும் ராக்வீட்.

பார்த்ததைக் குறித்து வையுங்கள். வாரம் ஒரு நாள், எத்தனை செடி பார்த்தீர்கள், எத்தனை முட்டை, எத்தனை புழு. புதியவர்கள் முட்டை கிடைத்த நாளை மட்டும் எழுதுவார்கள். பூஜ்யம் வந்த நாளும் எத்தனை செடி பார்த்தோம் என்பதும் இல்லாவிட்டால் அந்தக் கணக்கால் பயனில்லை. மெக்சிகோவில் குளிர்காலம் கழிக்கும் மொனார்க்குகளைத் தலை எண்ணுவதில்லை, மரங்களில் அவை அடைந்திருக்கும் பரப்பைத்தான் அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18 ஹெக்டேர், 2013-14இல் 0.67, 2023-24இல் 0.9, 2024-25இல் 1.79. நடுவில் கோடையில் என்ன நடந்தது என்பதை நம் தோட்டத்துக் கணக்குகள்தான் சொல்கின்றன. ஜர்னி நார்த், மொனார்க் லார்வா மானிட்டரிங் ப்ராஜெக்ட் இரண்டும் பொதுமக்களின் கணக்கை ஏற்கின்றன. ராக்கி மலைக்குக் கிழக்கே இருந்தால் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் மொனார்க் வாட்ச்சிடம், பயணத்தைப் பின்தொடர உதவும் ஒட்டுச்சீட்டு வாங்கி, செப்டம்பரில் பின்னிறகின் அடிப்பக்கம் ஒட்டி விடலாம். முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், கடைசி நேரத்தில் தீர்ந்துவிடும்.

12. உறைபனிக்குப் பிறகு

அக்டோபரில் தண்டுகள் காய்ந்து சாம்பல் நிறமாகும். விதைக்கு வேண்டிய காய்களை எடுத்தபின், நாட்டுச் செடிகளின் தண்டுகளை வெட்டாமல் நிற்க விடுங்கள். செடி இருக்கும் இடம் வசந்தத்தில் தெரியும் என்பது ஒரு காரணம். இன்னொன்று மே மாதம் தெரியவரும். குளிரிலும் ஈரத்திலும் ஊறிய தண்டின் பட்டை நாராகப் பிரிந்திருக்கும். ஓரியோல் குருவி வந்து தண்டில் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு, அலகால் ஒரு நுனியைப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு இழுக்கும். நீளமான வெள்ளை நார் உரிந்து வரும். அதைக் கொண்டுபோய்த் தொங்கும் கூட்டைப் பின்னும். அது நார் எடுத்து முடித்து, அடியில் புது முளை ஒரு விரல் உயரம் வந்த பிறகு பழைய தண்டை ஒடித்துப் பாத்தியிலேயே போடுங்கள்.